மணவாழ்க்கைக்கு ஓர் ஆலோசகரைத் தேடி...



வழக்கமாக இலக்கணத்தையும் பள்ளி நிகழ்வுகளையும் எழுதும் நான், இன்று சற்றே வேறான ஒன்றை எழுதுகிறேன். என் கணவர் இதனை முழுமையாகப் படித்து ஒப்புதல் அளித்த பின்னரே வெளியிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணவன் மனைவிக்கிடையே மனக்கசப்பு என்றால் அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் சமூகத்தில் சில இடங்கள் உண்டு. முதலில் தாய்வீடு. பிறகு தாய்மாமன் அல்லது பெரியப்பா. அதற்கும் பின்னர் கோயில் தலைவர், சோதிடர் என அது நீளும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தில் கிராணியாரும் தொழிற்சங்கத் தலைவரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும்கூட இப்பணியைச் செய்தனர். இவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இவர்களால் நிலைத்த குடும்பங்கள் பல. ஆயினும், இவர்கள் அனைவரும் செய்வது ஒன்றுதான். இருவரையும் விசாரிப்பார்கள், தவறு யார் பக்கம் என்று ஆராய்வார்கள், தீர்ப்பு வழங்குவார்கள். தீர்ப்பு என்று வந்துவிட்டால் ஒருவர் வென்றவராகவும் மற்றவர் தோற்றவராகவும் ஆகிவிடுகிறார். வென்றவரும் தோற்றவரும் அன்றிரவு ஒரே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்?

எங்களுக்குத் தேவைப்பட்டது தீர்ப்பு அன்று. அது வேறொன்று என்பதையும், அதனைச் செய்யத்தக்க ஒருவரை எப்படித் தேடினோம் என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் ஜொகூர் பாருவில் வாழ்கிறோம். என் கணவர் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பணியாளர். பெருந்தொற்றுக்கு முன்னர் நாள்தோறும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடந்த அந்தப் பாலத்தில் அவரும் ஒருவர். விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்படுவார். இரவு எட்டு மணிக்குத் திரும்புவார். களைப்பான வாழ்க்கைதான், எனினும் அவ்வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

2020 மார்ச் 16ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் நாள் முதல் எல்லை மூடப்படும் என்றதும், வேலையைக் காத்துக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் 17ஆம் நாளே அக்கரைக்குச் சென்றனர். என் கணவரும் ஒரே ஒரு தோள்பையோடு சென்றார். "ரெண்டு வாரந்தானே" என்றார். அந்த இரண்டு வாரம் இருபது மாதமாயிற்று! இடையில் ஒருமுறை விடுப்பில் வந்தார்; அதிலும் பெரும்பகுதி தனிமைப்படுத்தலிலேயே கழிந்தது. 2021 நவம்பர் 29ஆம் நாள் தரைவழிச் சிறப்புப் பயணத் தடம் திறக்கப்பட்ட பின்னரே அவர் வீடு வந்து சேர்ந்தார். 2022 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை முழுமையாகத் திறந்தபின் நாள்தோறும் போய்வரும் வாழ்க்கை மீண்டும் தொடங்கியது.

அந்த இருபது மாதங்களில் மாமனாரின் அறுவைச் சிகிச்சை, மூத்தவனின் இடைநிலைப்பள்ளித் தேர்வு, பழுதான மகிழுந்து, ஒழுகிய கூரை ஆகிய அனைத்திற்கும் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. எடுத்த முடிவுகளைப் புலனத்தில் அவருக்குத் தெரிவிப்பேன். அவரும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவார். அவர் இல்லாமல் இயங்கப் பழகிய வீடு, அவர் திரும்பி வந்த பின்னரும் அவ்வாறே இயங்கியது. எவரும் கத்தவில்லை, பாத்திரம் எதுவும் பறக்கவில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். உணவு வைக்கப்பட்டது, உண்ணப்பட்டது. எதைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும்: "டீச்சர் சொன்னா சரிதான்."

திருமணமான நாள்தொட்டு என்னை "நீ" என்றும், செல்லமாக என் பெயரின் பாதியைச் சொல்லியும் அழைத்தவர் அவர். அந்த "டீச்சர்" என்ற சொல் என்னை எப்படித் தைத்தது என்பதைத் தமிழ் அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

குளுவாங்கிலிருந்து என் மாமா வந்தார். இருவரையும் எதிரெதிரே அமர்த்தி விசாரித்தார். "மாப்பிள்ளை கொஞ்சம் மனம்விட்டுப் பேசணும், நீ கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்" என்று தீர்ப்பளித்தார். நியாயமான தீர்ப்புதான். அதன்பின் மூன்று வாரங்கள் வீட்டில் பேச்சே இல்லை. 2022 ஆகஸ்டில் "பிரிஞ்சிடலாமா?" என்ற சொல் முதன்முதலாக எங்கள் வீட்டில் ஒலித்தது. சொன்னவர் யார் என்பது இப்போது முக்கியமில்லை.

ஆலோசகரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது என் கணவருக்குச் சினம் பொங்கியது. "என்னைத் தம்போய்க்கு அனுப்பப் பார்க்கிறியா?" என்றார். ஜொகூர்க்காரர்களுக்குத் தம்போய் என்றால் ஊர்ப்பெயர் மட்டுமன்று. 1937இல் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் அப்பெயரே ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. வடக்கே 1911இல் மருத்துவமனை திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தானுக்கும் இதே கதிதான். இன்று அம்மருத்துவமனைகள் பெர்மாய் என்றும் பஹாகியா என்றும் அமைதியையும் மகிழ்ச்சியையும் நினைவூட்டும் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. நம் நாக்கு மட்டும் இன்னும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவர் சினத்தில் "டீச்சர்" என்று சொல்லவில்லை. அந்தச் சினத்திலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

முதலில் உறவினர் ஒருவர் ஏற்பாடு செய்த தன்முனைப்புப் பேச்சாளரைச் சந்தித்தோம். நல்ல தமிழில் பேசினார், பேச்சை நிறுத்தவேயில்லை. இருபது நிமிடங்களுக்குள், "பெண்தான் அனுசரித்துப் போகவேண்டும்" என்று முடித்து, இருநாள் குடும்ப முகாமுக்கான விண்ணப்பப் பாரத்தையும் நீட்டினார். அதுவும் ஒரு தீர்ப்புதான். கட்டணத்துடன் கூடிய தீர்ப்பு!

அதன்பின் எங்கள் பள்ளியில் வழிகாட்டல், ஆலோசனைப் பொறுப்பிலுள்ள ஆசிரியரிடம் பொதுவாக விசாரித்தேன். அவர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதனைச் சுருக்கித் தருகிறேன்.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருபவர். கடும் மனச்சோர்வு, உறக்கமின்மை, தற்கொலை எண்ணம் போன்றவை இருப்பின் அவரிடம் செல்லவேண்டும். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. உளவியல் மதிப்பீடும் சிகிச்சையும் செய்பவர். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் இவர்கள் வருகின்றனர். அச்சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாமவர் ஆலோசகர். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி, நம் நாட்டில் ஆலோசகராகத் தொழில்புரிய ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் வரும் 'கே.பி.' என்பது 'கவுன்சலர் பெர்டாப்தார்', அதாவது பதிவு பெற்றவர் என்பதைக் குறிக்கும். 'பி.ஏ.' என்பது 'பெராக்குவான் அமாலான்', அதாவது தொழில்புரியும் சான்றிதழ். இந்தப் பி.ஏ. இளங்கலைப் பட்டமன்று என்பதை நினைவிற்கொள்க! வாழ்க்கைப் பயிற்றுநர், தன்முனைப்பாளர் போன்ற பட்டங்களுக்கு இத்தகைய பதிவு எதுவுமில்லை.

அடுத்து நாங்கள் சென்றது பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம். ஆங்கிலமும் மலாயும் பேசுபவர், பொறுமைசாலி, தொழிலில் தேர்ந்தவர். ஆனால், அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. என் கணவர் மலாயில் இயந்திரங்களைப் பற்றிப் பேசுவார். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவார். தம் தாயைப் பற்றியும் தம் வலியைப் பற்றியும் பேச அவருக்குத் தமிழ் ஒன்றுதான் உண்டு. அந்த அறையில் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் பணியிட அறிக்கையைப் போலவே ஒலித்தது. நான் அந்த "டீச்சர்" விவகாரத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆலோசகர் முகம் மலர்ந்து, "அப்படியென்றால் அவர் உங்களை மிகவும் மதிக்கிறார்!" என்றார். எனக்கு மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது அவருடைய குறையன்று. "நீ" என்பதில் நெருக்கமும் "நீங்கள்" என்பதில் விலகலும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை, அந்த வேறுபாடே இல்லாத மொழியில் எப்படிக் காட்டுவது? எங்கள் பிணக்கு தமிழில் பிறந்தது. மொழிபெயர்த்தபோது அதன் உயிர் போய், வெறும் புகார்ப்பட்டியல் மட்டுமே எஞ்சியது.

ஆகவே, தமிழ் பேசும் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரைத் தேடத் தொடங்கினேன். எளிதில் கிட்டவில்லை. நான் விசாரித்தவர்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், ஆனால் இணையரோடு பணியாற்றும் பயிற்சி இல்லை. சிலருக்குப் பயிற்சி உண்டு, ஆனால் இடம் இல்லை. பெருந்தொற்றுக்குப் பின் காணொலிவழிச் சந்திப்புகள் பரவலானது எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. சிலாங்கூரில் பணிபுரியும் ஓர் அம்மையார் கிடைத்தார். முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் அவரிடம் ஆறு வினாக்கள் கேட்டேன். யாரிடமும் கேட்கத்தக்க வினாக்கள் என்பதால் கீழே தருகிறேன்.

1. உங்கள் பதிவு எண் என்ன? தொழில்புரியும் சான்றிதழ் நடப்பில் உள்ளதா?

2. இணையர் ஆலோசனையில் தனிப்பயிற்சி பெற்றுள்ளீர்களா? (ஒருவரோடு பேசுவதும் இருவரை ஒருங்கே வைத்துப் பேசுவதும் வெவ்வேறு திறன்கள்.)

3. பேச்சின் நடுவே நாங்கள் தமிழுக்கும் மலாய்க்கும் மாறினால் உங்களால் தொடர இயலுமா?

4. எங்களில் ஒருவர் தனியே ஒரு மறைவான செய்தியைச் சொன்னால் அதனை என்ன செய்வீர்கள்?

5. கட்டணம் எவ்வளவு? எத்தனை சந்திப்புகளுக்குப் பின் முன்னேற்றத்தை மதிப்பிடுவோம்?

6. நாங்கள் பிரிவதென முடிவுசெய்தால் உங்கள் நிலை என்ன?

நான்காம் வினாவுக்கு, "இணையரிடம் மறைத்து வைக்கும்படி எதையும் என்னிடம் சொல்ல வேண்டாம். அப்படி ஒன்று இருந்தால் அதை நீங்களே அவரிடம் சொல்ல உதவுவேன்" என்றார். ஆறாம் வினாவுக்கு அவர் அளித்த விடைதான் என்னை முடிவெடுக்க வைத்தது. "உங்களைச் சேர்த்து வைப்பதோ பிரித்து வைப்பதோ என் வேலை இல்லை. என்ன முடிவு எடுத்தாலும் ஒருவரை ஒருவர் சரியாகக் கேட்ட பிறகு எடுங்கள். அதற்குத்தான் நான் இருக்கிறேன்." ஒரு சந்திப்புக்கு 180 ரிங்கிட். நான் விசாரித்த தனியார் ஆலோசகர்களிடம் கட்டணம் 150 முதல் 300 ரிங்கிட் வரை இருந்தது.

என் கணவர் உடனே வரவில்லை. முதலிரு சந்திப்புகளுக்கு நான் மட்டும் சென்றேன். மூன்றாம் சந்திப்புக்கு முன் அந்த அம்மையார் அவருக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "ஐயா, ஒருவர் கதையை இரண்டு தடவை கேட்டுட்டேன். உங்க கதையை நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" குற்றம் சாட்டப்பட்டவராக அன்றி, தம் கதையைச் சொல்ல வேண்டியவராக அழைக்கப்பட்டதால் அவர் வந்தார். படக்கருவியில் பாதி முகம் மட்டும் தெரியும்படி அமர்ந்தார்.

அந்தச் சந்திப்பின் பத்தாம் நிமிடத்திலேயே "டீச்சர்" வந்துவிட்டது. ஆலோசகர் புன்னகைக்கவில்லை. என்னிடம் திரும்பி விளக்கமும் கேட்கவில்லை. "அந்தப் பேரை எப்போதிலிருந்து சொல்றீங்க, ஐயா?" என்று மட்டும் வினவினார். நெடுநேரம் மௌனம். அவரும் அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை. பின்னர் என் கணவர் பேசினார். 2020இல் ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தாராம். பகல் வேளையில் வீட்டிற்கு அழைப்பார். அப்போது நான் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலில் இருப்பேன். தொலைபேசியை மகள் எடுத்து மேசையில் வைத்துவிடுவாள். அவர் காதில் விழுவதெல்லாம் "டீச்சர், டீச்சர்" என்று முப்பது பிள்ளைகள் அழைக்கும் குரல்கள்தாம். "அந்த வீட்டில எல்லாருக்கும் அவங்களைக் கூப்பிட ஒரு காரணம் இருந்துச்சு. எனக்குத்தான் இல்ல. நானும் வரிசையில நின்னு டீச்சர்னு கூப்பிட்டுப் பார்த்தேன்" என்றார்.

அதற்கு நான் எந்த விடையும் சொல்லவில்லை. ஆலோசகரும் என்னிடம் விடை கேட்கவில்லை. அன்றைய சந்திப்பு அத்துடன் முடிந்தது.

அதன்பின் நடந்தவை மந்திரமல்ல, முறையான பணி. ஜான் காட்மன் எனும் அமெரிக்க உளவியலாளர் பல்லாண்டுகள் தம்பதியரை ஆய்வுசெய்து, உறவை அரிக்கும் நான்கு நடத்தைகளைச் சுட்டியிருக்கிறார். குணத்தையே குறைகூறுதல், இகழ்தல், தற்காத்து வாதிடுதல், சுவர்போல் மௌனமாதல் என்பன அவை. அவற்றுள் இகழ்ச்சியே மிகவும் கொடியது என்கிறார். கனடாவில் பணியாற்றிய சூ ஜான்சன், சண்டைகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் "எனக்காக நீ இருக்கிறாயா?" என்ற ஒரே வினாதான் என்ற கருத்தின்மேல் தம் சிகிச்சை முறையைக் கட்டினார். எங்கள் ஆலோசகர் இப்பெயர்களைச் சொல்லிப் பாடம் நடத்தவில்லை. ஒருவர் நெருங்கி நெருங்கிக் கேட்பதும், மற்றவர் விலகி விலகி மௌனமாவதும் எப்படி ஒரு செக்குமாட்டுச் சுற்றாகிறது என்று எங்கள் பேச்சிலிருந்தே எடுத்துக் காட்டினார். எதிரி நீங்கள் இருவரும் அல்லர், அந்தச் சுற்றுதான் என்றார்.

வீட்டுப்பாடமும் தந்தார். (ஆசிரியைக்கே வீட்டுப்பாடம்!) பேச்சு சூடேறினால் குறைந்தது 20 நிமிடங்கள் நிறுத்திவைத்து, பின்னர் தவறாமல் மீண்டும் தொடர வேண்டும். மாலையில் பாலத்து நெரிசலில் பேருந்து நிற்கும்போது பத்து நிமிடங்கள் தொலைபேசியில் பேச வேண்டும். பிள்ளைகள், பணம், மாமனாரின் மருந்து ஆகிய மூன்றையும் தவிர்த்து வேறு எதைப்பற்றியும் பேசலாம். முதல் வாரம் பேச ஒன்றுமேயில்லை. "மழை பெய்யுது" என்றார். "இங்கேயும்தான்" என்றேன். இரண்டாம் மாதத்தில் பத்து நிமிடம் போதவில்லை.

பதினொரு சந்திப்புகளுக்குப் பின், மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில கருத்து வேறுபாடுகள் தீரப்போவதில்லை. அவற்றோடு எப்படி ஒரே மேசையில் அமர்வது என்று தெரிந்துகொண்டோம்.

இனி, இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, சட்டம் சார்ந்தது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, ஒருதரப்பாக மணவிலக்குக் கோருவோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் சமரச அமைப்பிடம் செல்லவேண்டும். தேசியப் பதிவிலாகாவில் நடைபெறும் திருமணத் தீர்ப்பாயம் அத்தகையது. பலர் அதனையே ஆலோசனை என்று எண்ணி, அங்கே ஓரிரு முறை சென்றுவிட்டு, "எல்லாம் செய்து பார்த்துவிட்டோம்" என்கின்றனர். அது வழக்கின் வாசலில் நடக்கும் சமரச முயற்சி. வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்யும் ஆலோசனைக்கு அது மாற்றாகாது.

இரண்டாவது, உயிர் சார்ந்தது. அடி, மிரட்டல், பணத்தையும் நடமாட்டத்தையும் முடக்குதல் ஆகியவை உள்ள வீட்டில் இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் செல்வது முதற்படி அன்று. அச்சத்தில் வாழ்பவர் அறையில் உண்மை பேச இயலாது. பேசினால் வீடு திரும்பியபின் அதற்கு விலை கொடுக்க நேரலாம். அத்தகையோருக்கு 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. காவல் நிலையம், சமூக நல இலாகா, தாலியான் காசே 15999, 1982 முதல் காப்பகம் நடத்திவரும் பெண்கள் உதவி அமைப்பு ஆகியவை உண்டு. முதலில் பாதுகாப்பு, மற்றவையெல்லாம் பிறகு.

கட்டணம் கட்ட இயலாதோர் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் ஆலோசனைச் சேவையை நாடலாம். சில பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்களில் மேற்பார்வையோடு, குறைந்த கட்டணத்தில் ஆலோசனை வழங்கப்படுகிறது. மனம் உடைந்து நள்ளிரவில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால், 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு உண்டு. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் 15555 என்ற இணைப்பும் உண்டு.

நிறைவாக, ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல். ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனது இலட்சியம்' என்ற கட்டுரைத் தலைப்பைக் கொடுக்கிறோம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்றே முப்பது கட்டுரைகளும் வருகின்றன. நம் மக்கள் அழுவதும் சண்டையிடுவதும் மௌனமாவதும் தமிழில்தான். அந்தத் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளவல்ல, முறையாகப் பயின்ற ஆலோசகர்கள் நமக்குப் போதவில்லை. இவ்வாண்டு வெண்பலகையில் தொழில்களின் பட்டியலை எழுதியபோது, நான்காவதாக 'ஆலோசகர்' என்று சேர்த்து எழுதினேன். "அவங்க என்ன வேலை செய்வாங்க, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள்" என்றேன். அவள் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை